உதிரித் தாள் கிடையாது

புது வெள்ளைத் தாள் கட்டின் உறையைக் கிழிக்கும்போது, சுண்ணாம்பும் ஈர மரத்தூளும் கலந்தாற்போல ஒரு வாசனை குப்பென்று எழும். பத்தாம் வகுப்பு முழுக்க அந்த வாசனை என் கைகளில் இருந்தது. இலுப்பூர்ப் பக்கம் நான் படித்த அரசுப் பள்ளியில், மாடிப்படிக்குக் கீழே மாணவிகளே நடத்திய சின்னக் கடை ஒன்று உண்டு. அந்த வருடம் அதற்கு நான்தான் பொறுப்பு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான். சந்தையில் மூட்டை தூக்கும் அப்பா, "எம்மக கடை நடத்துறா, தெரியும்ல?" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி, அது என் கடை என்றே நானும் நம்பிவிட்டேன்.

அரசு நோட்டுகளை இலவசமாகக் கொடுத்ததும் எங்கள் நோட்டு வியாபாரம் படுத்துவிட்டது. மிச்சம் இருந்தது பேனாவும், தேர்வுக்கு நாங்களே கொண்டுபோக வேண்டிய வெள்ளைத் தாளும்தான். தாளை ஒன்று இரண்டாக விற்றோம். கட்டின் மேல் தாளும் அடித் தாளும் மடங்கி வீணாகும், சில்லறை இருக்காது, எண்ணிக் கொடுப்பதில் ஒன்று கூடப் போய்விடும். "அரையாண்டு வரைக்கும் பாப்பேன், அப்பறமும் நட்டம்னா பூட்டிருவேம்மா" என்றார் தலைமையாசிரியை. பூட்டினால் அப்பாவிடம் என்ன சொல்வது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அதனால் பத்துப் பத்துத் தாளாக எண்ணி, விடைத்தாளைக் கட்டும் "ட்வைன்" நூலோடு சுருட்டிக் கட்டாகவே விற்பது என்று நான் முடிவு செய்தேன். அட்டையில் "உதிரித் தாள் கிடையாது" என்று கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டேன். இரண்டே வாரத்தில் கடை நிமிர்ந்தது. காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியை என் பெயரைச் சொன்னார்.

அரையாண்டுக் கணக்குத் தேர்வன்று காலை, என் வகுப்புத் தோழி சரண்யா உள்ளங்கையில் மூன்று தாளுக்கு மட்டுமான சில்லறையோடு வந்தாள். செங்கல் சூளைக்குப் போகிறவர்களின் மகள். வகுப்பில் கணக்கு அவளுக்குத்தான் முதலில் வரும்.

"மூணு தாள் வச்சிருக்கேன். இன்னும் மூணு குடுடி."

நான் அட்டையைக் காட்டினேன்.

"அதான் தெரியுதே. எனக்குமா?"

"ஒனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கடி."

"சரிங்க மொதலாளியம்மா" என்று கும்பிடு போட்டுச் சிரித்துவிட்டுப் போனாள்.

தேர்வில் அவள் எனக்கு முன் வரிசை. எறும்பு ஊர்வதுபோல நுணுக்கி நுணுக்கி, ஓரம் வரைக்கும் எழுதினாள். முக்கால் மணி நேரம் மிச்சமிருக்கும்போதே, தாள் தீர்ந்து பேனாவை மூடிவிட்டாள். என் பரீட்சை அட்டைக்கு அடியில் எழுதாத தாள் நான்கு இருந்தது. டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீட்டியிருக்கலாம். நானே போட்ட சட்டத்தை நானே உடைத்ததாகப் பேச்சு வரும் என்று, முழங்கையால் அந்தத் தாள்களை மறைத்துக்கொண்டேன்.

நுணுக்கி எழுதியதில் பாதி டீச்சருக்குப் படிக்க முடியவில்லை. சரண்யா இரண்டு மதிப்பெண்ணில் தவறினாள். "கடைசிக் கணக்கெல்லாம் ஏன் போடலை?" என்று டீச்சர் கேட்டபோது, எழுந்து நின்று, "தெரியலை டீச்சர்" என்றாள். அதே கணக்கை முந்தின நாள் பஸ்ஸில் எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். நான் தலையைத் தூக்கவில்லை. அவளை "மெல்லக் கற்போர்" வரிசைக்கு மாற்றினார்கள். அங்கே தேர்ச்சிக்குத் தேவையான சின்னக் கேள்விகளை மட்டும் திரும்பத் திரும்ப எழுத வைப்பார்கள். பொதுத்தேர்வில் அவள் அந்த அளவுக்கே வாங்கினாள். பதினொன்றாம் வகுப்பில் ஆசைப்பட்ட கணக்குப் பிரிவு கிடைக்காமல், அதோடு நின்றுவிட்டாள். நான் வேறு பள்ளியில் அந்தப் பிரிவில்தான் சேர்ந்தேன்.

இப்போது நான் வேலையில் இருக்கிறேன். சென்ற மாதம் பள்ளிக்குப் போயிருந்தேன். மாடிப்படிக்குக் கீழே குடிநீர் இயந்திரம் நிற்கிறது. அங்கே ஒரு கடை இருந்ததே பிள்ளைகளுக்குத் தெரியாது. நாங்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி வெளியேறிய அடுத்த ஜூனிலேயே, வாங்க ஆளில்லாமல் அதைப் பூட்டிவிட்டார்களாம்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் சரண்யாவைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. இத்தனை வருடம் விழுங்கியதை அங்கேயே நின்று சொல்லி முடித்தேன். அந்த நான்கு தாளையும் சொன்னேன். குழந்தையை இடுப்பின் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

"கடையாச்சும் நெலச்சு நின்னுச்சுல்ல?" என்றாள்.

"நின்னுச்சு" என்றேன்.