தலைப்பில் அடங்காத ஜப்பான்

படிப்பகப் பலகையில் இதை ஒட்டுகிறேன். திட்டுவதானால் கீழேயே எழுதுங்கள்.

இன்று காலை ராயபுரத்தில் மீன்காரி அஞ்சலையின் கூடை குறையவே இல்லை.

"அணுகுண்டு போட்டு மீனெல்லாம் வெஷமாயிடுச்சாமே நைனா? பேப்பர்ல கீதாம். ஒருத்தரும் கிட்ட வரல" என்றாள்.

தப்பு என்னுடையது. நேற்று பத்திரிகை அச்சகத்தில் அந்தச் செய்தியின் தலைப்பை அச்சுக் கோத்தவன் நான்தான். ஆசிரியர் எழுதி அனுப்பியது, 'ஜப்பான் மீன்களில் அணு விஷம்'. பெரிய எழுத்தில் பத்தியின் அகலத்துக்குள் அடங்கவில்லை. செய்திக்குள் இருக்கிறதே என்று 'ஜப்பான்' என்பதை உருவிவிட்டேன்.

"அது ஜப்பான் மீனு, நம்ம கடல் இல்ல!" என்று கத்தினேன்.

"பேப்பர்காரன விட உனக்குத் தெரியுமா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

ரோஷத்தில் ஒரு வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவி சட்டியை எடுக்கவில்லை.

"பேப்பர்ல வந்துகீது. நான் ஆக்க மாட்டேன்."

"அதைக் கோத்ததே நான்தாண்டி."

"அப்ப நெஜந்தான். நீ பொய் கோக்கற ஆளா?"

மீன் இன்னும் கழுவாமல் கிடக்கிறது. நாளைக்குத் திருத்தம் போடுகிறார்களாம், கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். அதில் 'ஜப்பான்' தாராளமாக அடங்கும்.

உங்களில் யார் கடைசிப் பக்கம் படிக்கிறீர்கள்?