அஞ்சலாட்சி கை வைத்த சுவர்

அஞ்சலாட்சி மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. பஞ்சாலைத் தறிகளுக்கு நடுவே கத்திக் கத்தியே பாதி ஆயுசைக் கழித்தவள். ஆலையை மூடிய பிறகும் அந்தத் தொண்டை இறங்கவில்லை. கோபம் அதற்கு மேல். அவள் வாசலில் எவராவது குப்பை கொட்டினால், அதை முறத்தில் அள்ளிப் போய் அவர்கள் வாசலிலேயே கொட்டிவிட்டு வருவாள்.

எங்கள் தெரு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு வீட்டு உத்திரங்களும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். அவர்கள் தங்கள் பக்கத்துச் சாமி படங்களை இறக்கிவிட்டு, சுவரில் உள்ளங்கையை வைத்து நிற்பார்கள். காரை அசைந்தால் "போதும்" என்று குரல் கொடுப்பார்கள். உடனே சுத்தியலைக் கீழே வைத்துவிட வேண்டும். முகம் பார்த்துப் பேசாத வீடுகள்கூட இதை மீறியதில்லை.

அவளுக்கு அடுத்தது சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர் கட்டியது. பிரான்சில் தங்கிவிட்ட பிள்ளைகள் அதை ஒரு ஓட்டல்காரருக்கு விற்றுவிட்டார்கள். ஓட்டல்காரரின் மேனேஜர் விஜய் ஒருநாள் அஞ்சலாட்சி வீட்டுக்கு வந்தான்.

"அம்மா, நடுச்சுவத்துல கொஞ்சம் வேல இருக்கு. செய்யலாங்களா?"

அஞ்சலாட்சி உருகிப்போனாள். வெளியூர்க்காரன் நம் வழக்கம் தெரிந்து கேட்கிறானே என்று காப்பி வேறு கொடுத்தாள். "தாராளமா செய்யி தம்பி. இனிமே நீயும் எங்க தெருக்காரன்தான்" என்றாள். அவன் கையிலிருந்த செல்போன் அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

பிறகு சொல்தா வீட்டு மாடியை இடிக்க ஆரம்பித்தார்கள். அடுத்து நடுச்சுவர் என்று தெரிந்ததும் தெருவே திரண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அந்தச் சுவர் போனால் அஞ்சலாட்சியின் கூரை இறங்கும், அதோடு வரிசையே ஆட்டம் காணும். அதிகாரி சாவகாசமாக அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். "பக்கத்து வீட்டம்மாவே சம்மதம் குடுத்துட்டாங்களே" என்றார். எங்கள் தெருமுனையில் 'பாரம்பரியத் தெரு' என்று பலகை நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போன அலுவலகமும் இதுதான்.

திரும்பி வாசலுக்கு வந்ததும் அஞ்சலாட்சி என்னிடம் சொன்னாள். "ஆணி அடிக்கக் கேக்கறான்னு நெனச்சேன் மாலா. வூட்டையே கேட்டிருக்கான் படுபாவி."

மறுநாள் காலையில் சுவரில் முதல் அடி விழுந்தது. அஞ்சலாட்சி சாமி படங்களை இறக்கினாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள்.

"போதும்."

ஆலைத் தொண்டை அல்லவா, தெருக்கோடிவரை கேட்டது. செய்த வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினோம். கூடம் கொள்ளாத கூட்டம். கை எட்டிய இடமெல்லாம் கை வைத்து, நாங்களும் "போதும்" என்றோம். அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

இடிக்க வந்த மேஸ்திரி கன்னியப்பன் பக்கத்துத் தவளக்குப்பத்துக்காரர், எங்கள் வழக்கம் தெரிந்தவர். அவர் விஜயிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது. "அந்தாண்ட ஆளுங்க நிக்கறாங்க சார். நான் கடப்பாறையத் தொட மாட்டேன்."

விஜய் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். "சம்மதம் சொன்னது நீங்கதானம்மா? எத்தினி நாளைக்கு இப்படி நிப்பீங்க?"

அஞ்சலாட்சி சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. "கேட்ட, சரின்னேன். இப்ப போதும்ன்றேன். கேக்கத் தெரிஞ்ச வாயிக்கு நிறுத்தத் தெரியாதா?"

அவன் போய்விட்டான். தடை உத்தரவு கேட்டு வக்கீலைப் பார்த்திருக்கிறோம். அது வரும்போது வரட்டும். அதுவரை பகல் முழுக்க அந்தச் சுவரில் எங்கள் தெருவின் கை ஒன்று இருக்கும். ஆளுக்கொரு முறை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்றைக்கு என் முறை. வரச் சொல்லுங்கள் அவனை.