அக்காவுக்காக முகர்ந்து பார்த்த நாட்கள்

எதிர் வீட்டில் பருப்பு கருகிக்கொண்டிருந்தது. அந்த நாற்றம் எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக வந்தபோது நான் வீட்டிலிருந்தபடியே அலுவலக மீட்டிங்கில் இருந்தேன். இதோ அணைத்துவிடுவார்கள் என்று கொஞ்ச நேரம் பொறுத்தேன். நாற்றம் கூடிக்கொண்டே போனது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்த அக்காவின் கையில் அரிந்த சுரைக்காய் ஒட்டியிருந்தது. சேலையூரில் எங்கள் அடுக்குமாடிக்கு நாங்கள் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அத்தனை நாளும் லிஃப்டில் பார்த்தால் சிரிப்பது, தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்று கேட்பது, அவ்வளவுதான் எங்கள் பழக்கம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வேங்கைவாசல் பக்கம் பிறந்தவர், கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறார், ஒரே மகனுக்குப் புனேயில் வேலை என்பதெல்லாம் தெரியும்.

"அக்கா, அடுப்புல ஏதோ கருகுது" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். அவர் காய் அரிந்துகொண்டிருந்த இடத்துக்கு இரண்டடி பின்னால்தான் அடுப்பு இருந்திருக்கிறது. ஓடிப்போய் அணைத்துவிட்டு, கடலைப்பருப்பு அடியோடு பிடித்துக் கறுத்துப்போன பாத்திரத்தை மூக்கருகே கொண்டுபோனார். ஆழமாக இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெர்லமா" என்றார்.

கொரோனாக் காய்ச்சல் வந்து போய் மூன்று மாதமாகியும் வாசனை திரும்பவில்லையாம். டாக்டர் தானாக வரும் என்றாராம். மகனிடம் சொன்னால் பயந்துவிடுவான் என்று யாரிடமும் சொல்லவில்லை. உப்பும் புளிப்பும் நாக்குக்குத் தெரிகிறது, மற்றபடி எதைத் தின்றாலும் சுடுதண்ணீர் குடிப்பதுபோல இருக்கிறது என்றார். சொல்லும்போது அழவில்லை. அந்தப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டு, வேறு பாத்திரத்தில் பருப்பைப் புதிதாக வேகவைத்தார்.

அன்றைக்குக் கூட்டு முடிந்ததும் அவரே கிண்ணத்தோடு வந்து கதவைத் தட்டினார். தேங்காய் பழசு, சிக்கு வாடை அடிக்கிறதா என்று பார்த்துச் சொல்லவேண்டும். ஒரு வாய் சாப்பிட்டு, நல்லாருக்கு என்றேன்.

"நல்லாருக்குன்றத யார் வேணா சொல்லுவாங்க. இன்னா வாசன வருது, அத்த சொல்லு."

எனக்குச் சொல்ல வரவில்லை. நாற்பத்தைந்து வருடம் சாப்பிட்டிருக்கிறேன், பெரும்பாலும் எதையாவது படித்துக்கொண்டோ போனைப் பார்த்துக்கொண்டோ. ரயிலுக்கு ஓடின வருடங்களில் நின்றபடியே சாப்பிட்டிருக்கிறேன். இன்னொரு வாய் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். முதலில் சீரகம் வருகிறது, அப்புறம் சுரைக்காய், வெயிலில் காய்ந்த வைக்கோலில் தண்ணீர் தெளித்த மாதிரி இருக்கிறது என்றேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு தானும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாக மென்றார்.

அதிலிருந்து தினமும் பதினொரு மணிக்கு அங்கே போய்விடுவேன். என் கணவருக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் தொழிற்சாலை வேலை. காலை ஆறரைக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவார். பையன் திருச்சியில் ஹாஸ்டலில். நானும் கம்ப்யூட்டரும் மட்டும் இருந்த வீட்டில் அந்தக் கால் மணி நேரத்துக்காகவே காலையிலிருந்து காத்திருக்க ஆரம்பித்தேன். பீர்க்கங்காயும் பாசிப்பருப்பும், கல்யாணப் பூசணிக்காயில் மோர்க்குழம்பு, சின்ன வெங்காயம் போட்டுக் கடைந்த சிறுகீரை, கத்திரிக்காய் கொத்சு. எல்லாம் சாதாரணச் சமையல்தான். பூண்டின் பச்சை வாசனை போய்விட்டதா, பெருங்காயம் தூக்கலாக இருக்கிறதா என்று அவர் கேட்பார். நான் சொல்வேன். விமானப்படைப் பயிற்சி விமானம் தலைக்கு மேல் சுற்றும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுச் சாப்பிடுவோம்.

ஒருநாள் எனக்கு அலுவலகத்தில் பெரிய அவமானம். எனக்கு வரவேண்டிய பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எதையும் சொல்லாமல் போய் உட்கார்ந்தேன். புடலங்காய்க் கூட்டைத் தட்டில் வைத்துவிட்டு வாசனை என்ன என்று அவர் கேட்கவில்லை. "இன்னிக்கு நீ சும்மா துன்னு" என்றார். அந்தத் தட்டில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்படி ஒன்றரை வருடம் போனது. புனேயில் பேத்தி பிறந்தாள். மருமகள் வேலைக்குத் திரும்பவேண்டும், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று மகன் கூப்பிட்டார். அக்கா எனக்கு இதைச் சொன்னபோது வாழைத்தண்டின் நாரை விரலில் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார். போகத்தானே வேண்டும் என்றேன். அவரும் அதையேதான் சொன்னார். வீட்டை இரண்டு கல்லூரிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் போனார்.

முதல் மாதங்களில் வீடியோவில் கூப்பிடுவார். வாணலியைப் போனுக்குக் காட்டி நிறத்தை வைத்துச் சொல்லச் சொல்வார். நிறத்தில் என்ன தெரியும்? பிறகு குழந்தை நடக்க ஆரம்பித்தது, அழைப்புகள் குறைந்தன. நான் பதினொரு மணிக்கு எழுந்து சமையலறைக்குப் போய், ஒன்றும் செய்யாமல் திரும்பி வருவேன். தாம்பரம் மார்க்கெட்டில் இளம் சுரைக்காயைப் பார்த்து வாங்கிவந்து அவர் செய்வதுபோலவே செய்தேன். சரியாகத்தான் வந்தது. நின்றபடியே சாப்பிட்டேன்.

போன வருடம் ஒரு மத்தியானம் அக்கா கூப்பிட்டார். தாளிக்கும்போது பெருங்காயம் தெரிந்ததாம். முதலில் பிரமை என்று நினைத்து, டப்பாவைத் திறந்து திறந்து முகர்ந்து பார்த்தாராம். நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். நிஜமான சந்தோஷம்தான். போனை வைத்த பிறகு, இனி அவருக்கு நான் எதையும் முகர்ந்து சொல்லவேண்டியதில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே கோபமாக வந்தது.

இந்தச் சித்திரையில் குன்றத்தூரில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு அக்கா வந்தார். புனேக்குத் திரும்ப அன்று சாயங்காலமே ரயில். நடுவில் ஒரு மணி நேரம் எனக்கு. காலையிலேயே கூட்டு செய்து மூடி வைத்திருந்தேன். கல்யாணச் சாப்பாடு தொண்டை வரைக்கும் நிற்கிறது, ஒரு வாய்கூட இறங்காது என்றார். காபி குடித்தோம். பேத்தியின் படங்களைக் காட்டினார். இளைத்திருந்தார், முடியில் நரை கூடியிருந்தது. அவர் பேசிக்கொண்டே இருந்தார், நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். ஆட்டோ வந்ததும் கூட்டை ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக் கொடுத்தேன். ராத்திரிக்குள் சாப்பிட்டுவிடுங்கள், தேங்காய் போட்டது, தாங்காது என்றேன். சரி என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. ராத்திரி பசியே இல்லையாம். விடிந்து, ரயில் ராய்ச்சூரைத் தாண்டும்போதுதான் டப்பாவைத் திறந்தாராம்.

"லேசா ஊச வாட அட்ச்சுதுமா. மூக்கு நல்லாவே சொல்லிச்சி."

"கொட்டிட்டீங்கதானே?"

"இல்ல. வழிச்சித் துன்ட்டேன்."

இந்த வயதில், அதுவும் ரயிலில், வயிற்றுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வது என்று திட்டினேன். அந்தப் பக்கம் குழந்தை எதையோ கேட்டு அழுதது, அக்கா அவசரமாகப் போனை வைத்துவிட்டார். நான் இன்னும் திட்டி முடித்திருக்கவில்லை.