பட்டின் சரசரப்பு

என் ஏழு வயது மகள் பார்வதிக்கு நெருப்பாய்க் காய்ச்சல். மூச்சுக்கு மூச்சு விலா உள்வாங்கியது. வேறு வழியில்லாமல்தான் நாகர்கோவிலுக்கு வில்வண்டி அனுப்பி, மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவை அழைத்தேன். எங்கள் வீட்டுப் படியேற நாங்கள் அதுவரை விடாத சாதியில் பிறந்தவர் அவர்.

மூச்சு கேட்கும் குழலை அவர் எடுத்ததும், கை பட்டுவிடக் கூடாதென்று, நான் பூசைக்கு உடுத்தும் பட்டைப் பிள்ளையின் முதுகில் போர்த்தினேன். இப்போது எழுதவே கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. "ஐயா, உங்க குடுமியில நாலு முடியக் காதுகிட்ட வச்சு உரசிப் பாருங்க," என்றார்.

உரசினேன். காதுக்குள் மெல்லப் பொரிந்தது.

"நுரையீரல்ல அழற்சின்னா உள்ள இந்தச் சத்தந்தான் கேக்கும். பட்டும் இப்படித்தான் சரசரக்கும். எது பிள்ளையோட மூச்சு, எது பட்டுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

"அத எடுங்க, பிள்ளைக்கு மூச்சு முட்டுகு!" என்று அழுதாள் என் மனைவி. நானே உருவினேன்.

வலது நுரையீரலில் அழற்சி என்றார். இதைத் தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை, காய்ச்சல் விடும்வரை பிள்ளையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்றவர், தினமும் வந்தார். நாங்கள் சாத்திவைத்த சன்னலைத் திறந்தார். ஆளிவிதையை அரைத்துச் சூடாகப் பற்றுப் போட்டார். தலையணை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தார்.

நான்காம் நாள் சாயங்காலம், வியர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டது. துடைக்கத் துணி கேட்டார். அந்தப் பட்டையே நீட்டினேன். பிள்ளையைத் துடைத்தவர், தன் நெற்றியையும் அதிலேயே ஒற்றிக்கொண்டார்.

மறுநாள் அதை நனைத்துத் தீட்டுக் கழிக்காமலே உடுத்திக்கொண்டு பூசைக்கு உட்கார்ந்தேன்.