அருணகிரிக்கு வந்த சாப்பாடு

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஏசுபாதத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்ததிலிருந்து வாரம் தவறாமல் வந்துவிடுவார். மதியச் சோற்றில் கை வைத்ததும் தொண்டை அடைக்கும், மூச்சுத் திணறும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சதுரங்கப்பட்டினத்தில் பஸ் ஏறிவிடுவார். ஈசிஜி எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், வாய் வழியாகக் குழாய் விட்டும் பார்த்தார்கள். ஒரு கோளாறும் இல்லை. மனுஷன் மட்டும் பேண்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனார்.

டூட்டி டாக்டர் காயத்ரி நல்ல பெண். மற்றவர்கள் "வந்துட்டியா நைனா" என்று கிண்டலடிக்கும்போது, அவள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, இது எப்போது ஆரம்பித்தது, அப்போது ஏதாவது நடந்ததா என்று கேட்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்று ஏசுபாதம் கூசாமல் புளுகினார். புளுகிப் பழகிய வாய். அந்தப் பழக்கம்தான் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

இரண்டாவது அலையின்போது மாமல்லபுரம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கொரோனா வார்டாக மாற்றியபோது, கொத்து வேலை இல்லாமல் கிடந்த ஏசுபாதத்தை உதவிக்கு வைத்துக்கொண்டார்கள். வீட்டு ஆட்கள் கேட்டைத் தாண்டக் கூடாது. அவர்கள் கொண்டுவரும் கேரியரை வாங்கி உள்ளே கொடுத்துவிட்டு, காலியானதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பக்கத்து ஊரான மணமையிலிருந்து ஞானம்பாள் என்ற அம்மாள் தன் புருஷன் அருணகிரிக்குச் சோறு கொண்டுவருவாள்.

சித்திரை மாதம் ஒரு காலையில் அருணகிரி செத்துப்போனார். சுடுகாட்டில் வரிசை நீண்டு கிடந்த நேரம். முறை வரும்வரை வீட்டுக்குச் சொல்லாதே, கேட்டில் கூட்டம் கூடிவிடும் என்று சூப்பர்வைசர் உத்தரவு போட்டுவிட்டார். மதியம் ஞானம்பாள் கேரியரோடு வந்து நின்றாள். அப்படியே திருப்பிக் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும். சோற்றைக் கீழே கொட்டவும் மனம் வரவில்லை. ஏசுபாதத்துக்கும் காலையிலிருந்து வயிறு காய்ந்திருந்தது. மண்டபத்துக்குப் பின்னாலிருந்த சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து அத்தனையையும் தின்றார். கழுவிய கேரியரை நீட்டி, சாப்பிட்டுவிட்டார் என்று சொன்னார். அந்த அம்மாள் முகம் பூரித்துப்போனது. மறுநாள் நெய்யும் சேர்த்துக் கொண்டுவந்தாள். உடல் எரிமேடைக்குப் போகும்வரை ஏசுபாதம் தின்றார். அதன் பிறகுதான் அவளுக்குச் சேதி போனது, அன்றைக்குத்தான் இறந்தார் என்று.

தை மாதம் மூன்றாவது அலை வந்தது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நோயாளியோடு வருகிறவர்களை உள்ளே விடவில்லை. வாசல் பெஞ்சில் தன் முறைக்குக் காத்திருந்தார் ஏசுபாதம். அங்கேயே அவரைப் பார்த்துப் பார்த்து, வேலை செய்கிறவர் என்று நினைத்த ஒரு பெண் அவர் கையில் கேரியரைத் திணித்தாள்.

"எங்கப்பா உள்ள கீறாரு. கொஞ்சம் குடுத்துடுண்ணா."

கேரியரின் சூடு கையில் பட்டது. அதை ஒரு நர்ஸிடம் கொடுத்துவிட்டு, தன் நெஞ்சு வலியையும் மறந்து மணமைக்குக் கிளம்பினார்.

ஞானம்பாள் வீட்டு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினார். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கேட்டது வேறு.

"மொதமொதல்ல தின்னியே, அன்னிக்கி கேரியர்ல இன்னா இருந்துச்சி?"

அது எப்படி மறக்கும்? "வாழக்கா பொரியலு, பூசணிக்கா கூட்டு. வட இருந்துச்சிக்கா."

"அப்ப அமாவாச." அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாமனாருக்குப் படையல் போட்டுவிட்டு, அந்தச் சோற்றைத்தான் புருஷனுக்கு அனுப்பியிருந்தாள். சேதி சொன்ன நாளை இறந்த நாளாக நம்பி, முதல் வருஷத் திதியை வளர்பிறையில் கொடுக்க ஐயரிடம் பேசியும் வைத்திருந்தாள். தப்பான நாளில் கூப்பிட்டால் போனவர் வர மாட்டார், பசியோடு எங்கேயோ நிற்பார் என்று நம்புகிறவள் அவள்.

"சித்திர அமாவாசைக்கு வா," என்றாள். "நீதான் சாப்புடணும்."

அதுவரைக்கும் செங்கல்பட்டுப் பயணம் நிற்கவில்லை. காயத்ரியிடம் மட்டும் இப்போது உண்மையைச் சொன்னார். மனசு அடைத்தாலும் தொண்டை அடைக்கும், அதுவும் நிஜமான வலிதான் என்றாள் அவள். வீட்டில் மனைவி மேரி சண்டை பிடித்தாள். படைத்ததை நாம் சாப்பிடலாமா, ஃபாதர் என்ன சொல்வார் என்று கேட்டாள். அமாவாசையன்று ஏசுபாதம் மணமைக்குக் கிளம்பினார்.

அருணகிரியின் படத்துக்கு எதிரே இலை போட்டிருந்தது. அதே வாழைக்காய், அதே பூசணி. முதல் கவளம் தொண்டையில் நின்றுவிட்டது. மூச்சு முட்டியது, கண்கள் பிதுங்கின, எழுந்து ஓடிவிடக் கால் பரபரத்தது. ஞானம்பாள் எதிரே உட்கார்ந்து அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சொம்பைக்கூட நகர்த்தவில்லை. மெல்ல மெல்ல அது இறங்கியது. ஏசுபாதம் அழுதுகொண்டே இலையைக் காலி செய்தார். இத்தோடு விட்டது என்று இலையை மடிக்கக் குனிந்தார்.

"அன்னிக்கி ஒரு நாளு மட்டுமா தின்ன?" என்றாள் ஞானம்பாள். "நாளைக்கும் ஆக்கி வெக்கிறேன். வந்துடு."