கோமதிநாயகத்தின் ஸ்டீரியோ செட்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கரன்கோவிலில் உட்கார்ந்து ஸ்டீரியோ கேட்டேன். வீடு திரும்பின பிறகும் காது கொய்ங் என்றது. காது மறுநாள் சரியாகிவிட்டது. மனசுதான் இன்னும் சரியாகவில்லை.

வீடு என் பள்ளிக்கூட சிநேகிதன் கோமதிநாயகத்தினுடையது. வீட்டை ஒட்டியே ஷெட், அதில் விசைத்தறிகள். தறி ஓடுகிறபோது அந்தத் தெருவில் யாரும் ரகசியம் பேச முடியாது. ஷெட்டுக்குள்ளோ... இடி விழுந்தால்கூட வெளியாள் யாராவது வந்து சொன்னால்தான் உண்டு.

அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவனுக்கு நாதஸ்வரப் பைத்தியம்! ஆடித்தபசுத் திருவிழாவில் கச்சேரி என்றால் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவான்.

கேசட் வந்தது. பிடித்தது சனி. முதலில் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தினான் — 'பேஸ்' என்கிற கனத்த ஓசை நன்றாக வருமாம். வந்தது, ஆனால் திருப்தி வரவில்லை. பானை போய் ப்ளைவுட் பெட்டி. ஒரு ஜோடி இரண்டு ஜோடியாயிற்று. டேப் ரிக்கார்டர் போய் டெக், ஆம்ப்ளிஃபையர். அதற்கு மேல் மதுரையிலிருந்து ஈக்வலைசர் — பொட்டு பொட்டாகச் சிவப்பு விளக்கு எரியும்.

இவ்வளவும் எப்போது கேட்பதற்கு? தறி ஓடினால் பாட்டு காதில் விழாது. கரண்ட் போனால் தறி நிற்கும் — ஆனால் ஆம்ப்ளிஃபையரும் கூடவே படுத்துவிடும். மிச்சம் தறிக்கு லீவு விடுகிற ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் அவன் உழைப்பது போலிருக்கும்.

'புது ட்வீட்டர் மாட்டியிருக்கேன், வந்து கேட்டுட்டுச் சொல்லு' என்று ஆள் விட்டிருந்தான். ட்வீட்டர் என்றால் ஜால்ரா மாதிரிக் கீச்சுச் சத்தத்துக்கென்றே இருக்கிற குட்டி ஸ்பீக்கராம். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற அப்பாவிகள் இன்னும் இருக்கிறார்கள்!

கேசட்டைப் போட்டான். அம்மாடி... நாதஸ்வரம் ஊசி மாதிரி காதுக்குள் இறங்கியது. ஜால்ரா ஒவ்வொரு தட்டுக்கும் பல் கூசியது. அவன் மனைவி ஆவுடை காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தாள்.

"எப்படி வே இருக்கு?"

"பிரமாதம். ஆனா கொஞ்சம் குறைச்சா..."

"பிரமாதமா? ஜால்ராவே கேக்கலையே! மூணு மெக்கானிக்கை மாத்திட்டேன். எல்லாப் பயலும் ஏமாத்துதான். போன தடவ வந்தவனை வாசல்ல வச்சே திட்டி அனுப்பிட்டேன். அடுத்து ஃபாரின் செட்டுதான்."

ஜால்ரா கேட்கவில்லையா? எனக்கு அது மட்டும்தானே கேட்டுக்கொண்டிருந்தது!

கேசட்டை நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டிக் குனிந்து ஒயர்களை ஆராய்ந்தான். வீடு நிசப்தமாக இருந்தது. "ஏலே கோமதி, போதும்டே, விடு" என்றேன். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

காப்பியோடு வந்த ஆவுடை, பழக்கப்படி சுற்றிப் போய் அவன் முன்னால் நின்று, கையை வாய்ப்பக்கம் காட்டி ஏதோ சொன்னாள். "காப்பியா? கொண்டா" என்று சட்டென்று நிமிர்ந்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தறி ஷெட்டில் யாரும் யாரையும் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை. முன்னால் போய் நிற்க வேண்டும், முகத்தைக் காட்ட வேண்டும், வாயை நன்றாக அசைக்க வேண்டும், கை ஜாடை வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. புருஷன், பெண்டாட்டி, வேலைக்கு வருகிறவர்கள் — எல்லோரும் அப்படித்தான். அதனால் இவனுக்குக் காது போய்க்கொண்டிருப்பது யாருக்குமே தெரியவில்லை. அவனுக்கும்தான்! மனுஷர் பேச்சை உதட்டைப் பார்த்தே படித்துவிடுகிறான். ஸ்பீக்கருக்கு உதடு ஏது?

முன்னால் போய் நின்றேன். "செட்டுல ஒரு குறையும் இல்ல கோமதி. உன் காதுலதான்" என்றேன்.

சிரித்தான். "கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? நீ பேசுதது எனக்கு நல்லாத்தானே கேக்கு!"

அவன் கண் என் கண்ணில் இல்லை, வாயில் இருந்தது. உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு, அவன் பெயரைச் சொன்னேன். அதே குரல்தான்.

காத்திருந்தான். பிறகு, "கையை எடுத்துட்டுப் பேசு வே" என்றான்.

நான் கையை எடுக்கவில்லை. அவன் ஆவுடையைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகைச் சத்தமும் அவனுக்குக் கேட்டிருக்காது. சிரிப்பு மெல்ல மெல்ல அவன் முகத்திலிருந்து இறங்கியதை என்னால் பார்க்க முடியவில்லை.

திருநெல்வேலிக்கு அழைத்துப்போனேன். போனது போனதுதான், இருக்கிறதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் தறிப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் வரும்போது என்னைத் தன் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னான். "தறியை நிறுத்துனா சோறு நின்னுரும்லா. அவருக்கென்ன, சொல்லிட்டாரு" என்றான். மறுநாள் காலையில் தறி வழக்கம்போல ஓடியது.

உங்கள் வீட்டிலும் யாராவது 'செட் சரியில்லை, சரியில்லை' என்று புலம்புகிறார்களா? பின்னால் நின்று மெதுவாக ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பிப் பார்த்தால்... தாராளமாக மெக்கானிக்கைத் திட்டலாம்.