விட்ட பிறகும் அணையாத சிவப்பு விளக்கு

நான் அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருப்பவள். என் கணவர் கடலுக்குப் போகிறவர். சில ஆண்டுகளுக்கு முன், ரேடியோவோடு வந்த பழைய மைக்கிலும் புதிதாக வாங்கிய மைக்கிலும் மாறி மாறிப் பேசிப் பார்த்தேன். குளச்சலில் இருந்து தன் ரேடியோவில் கேட்ட ஜெரின் அண்ணன், "புதுசுலதான் உனக்க சத்தம் தெளிவா கேக்கு" என்றார். அதையே மாட்டிவைத்தேன்.

அந்த வாரமே புயல் வந்தது. செல்போன் எதுவும் வேலை செய்யவில்லை. கணவரின் படகு திரும்பவில்லை. ஜெரின் அண்ணன் கையடக்க ரேடியோவோடு துறைமுகத்தில் நின்றார்.

"அண்ணா, எங்க படகு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு மைக் பொத்தானை விட்டேன். விட்டால்தான் எதிர்க்குரல் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன். இரைச்சல்கூட இல்லை.

"எனக்க பிள்ளைக்கு என்னட்டி ஆச்சு? ஜெரின் ஏன் பதில் மிண்ட மாட்டேங்கான்?" மாமியார் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அப்போதுதான் கவனித்தேன். பொத்தானை அழுத்திப் பேசும்போது மட்டும் ரேடியோவில் எரியும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. மழையில் நனைந்த கையால் அழுத்தியதில் புது மைக்கின் பொத்தான் உள்ளே சிக்கியிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டுப் பழையதைச் செருகினேன்.

"கேக்கியா? எல்லாரும் கரையேறியாச்சு! எத்தன வாட்டி விளிக்கேன்!" ஜெரின் அண்ணன் கத்திக்கொண்டிருந்தார். மாமியார் தரையில் உட்கார்ந்து அழுதார்.

இப்போதெல்லாம் எந்த மைக் வாங்கினாலும் குரலை மட்டும் பார்ப்பதில்லை. ஈரக்கையால் பொத்தானைப் பலமுறை அழுத்தி, விட்டவுடன் விளக்கு அணைகிறதா என்றும் பார்க்கிறேன்.